நஞ்சு எடுத்தவள்

பிப்ரவரி 18

சம்பந்தியம்மாவுக்கு,

இங்கே மனுஷர்கள் எல்லோரும் சுகம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? கல்யாணம் பேசி முடிக்க வந்த அன்று எங்கள் வாசற்படி மூன்றையும் மூன்று மலை மாதிரி ஏறினீர்கள். ஏறி முடித்ததும் கைப்பையைத் திறந்து கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டீர்கள். நீலக்கரை போட்ட கைக்குட்டை. புறப்படும்வரை அதை எடுக்கவில்லை. எனக்கு மறதி கிடையாது, அது ஒரு வியாதி.

எழுதக் காரணம், உங்கள் தம்பி பிடித்துக் கொடுத்த மாடு. "எங்க அக்கா சம்பந்திக்கு நான் சொத்தை மாட்டையா குடுப்பேன்? ராணி மாதிரி இருக்கும், பாருங்க" என்று மார் தட்டினாரே, அது. அன்றிலிருந்து அதற்கு மகாராணி என்றே பேர் வைத்தோம். மகாராணி நேற்று ஏழு மாசத்துக் கன்றை வீசிவிட்டாள். செத்த கன்று. உடம்பில் மயிர்கூடச் சரியாக முளைக்கவில்லை. தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. விலைக்கு வாங்கின மாட்டை வாலைத் தூக்கியும் பார்த்திருக்க வேண்டும். உங்கள் தம்பி பேச்சைக் கேட்டேன், பார்க்கவில்லை. வந்த இடத்தில் முதல் ஈற்றிலேயே வீசுகிற மாடு, இருந்த இடத்திலும் வீசியிருக்கும். அவருக்கு அது தெரியாது என்று நீங்கள் எழுதினால் நான் சிரிப்பேன், அவ்வளவுதான்.

உங்கள் மகள் கடிதம் போடுவதில்லை என்று குறைப்பட்டிருந்தீர்கள். அவளுக்கு நேரம் ஏது? நேற்று விடிந்ததிலிருந்து கொட்டகையிலேயே கிடந்தாள். கடைசியில் தன் கையாலேயே நஞ்சை எடுத்துவிட்டாள். டாக்டருக்கு ஆள் போயிருந்தது. அவர் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துபோயிற்று. நாற்றம் வேறு, அதனால் யாருக்காகவும் காத்திராமல் கொட்டகைக்குப் பின்னால் ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்துவிட்டோம். என் மகன்தான் வெட்டினான். ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் என்றைக்குப் பேசினான்? பேத்திதான் பயந்து அழுதாள். நான் தூக்கி வைத்துக்கொண்டேன், அடங்கிவிட்டாள்.

எழுத்துப்பிழை இருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். உங்களுடையது முப்பது வருஷம் அடுத்தவர் எழுதினதை டைப் அடித்த கைதானே.

இப்படிக்கு,
மறதி இல்லாத சம்பந்தி.


பிப்ரவரி 21

அம்மா,

இதை எழுதும்போது உங்கள் கை நடுங்கவில்லையா? மாட்டைப் பற்றி ஒரு பக்கம் அழுதுவிட்டு, அதற்கு அடுத்த வரியில், என் மகள் தன் கையால் நஞ்சு எடுத்தாள் என்று எழுத உலகத்தில் உங்கள் ஒருவரால்தான் முடியும். ஏன் எடுத்தாள்? எடுக்கும்படி என்ன செய்தீர்கள்? டாக்டர் வருவதற்குள் முடிந்துபோயிற்றாம். பெற்றவளுக்கு ஒரு சொல் அனுப்பாமல், முகத்தைக்கூடக் காட்டாமல் புதைத்தும் விட்டீர்களாம், நாற்றமாம். என் பெண்ணுக்கு நாற்றமா?

உங்கள் கடிதத்தைக் காவல் நிலையத்தில் காட்டிவிட்டேன். நானும் தம்பியும் இப்போதே புறப்படுகிறோம். இந்தக் கடிதம் முந்துகிறதா நான் முந்துகிறேனா தெரியாது.

உங்கள் சுகத்தை விசாரிக்க எனக்கு மனமில்லை.

பெற்றவள்.


பிப்ரவரி 27

சம்பந்தியம்மாவுக்கு,

நீங்கள்தான் முந்தினீர்கள். நீங்கள் வந்துபோன மறுநாள் உங்கள் கடிதம் வந்தது. தபால்காரர் கொடுக்கும்போதே என் முகத்தை ஒரு மாதிரி பார்த்தார். ஊரே பார்க்கிறது, அவர் ஒருத்தர் பாக்கியா?

நடந்ததை நான் எழுதிவைக்கிறேன், பிற்பாடு நீங்கள் மாற்றிச் சொல்லக் கூடாது பாருங்கள். கருக்கலில் பின்பக்கமாக வந்தீர்கள். கூட உங்கள் தம்பி, போலீஸ்காரர்கள் இரண்டு பேர். புது மண் மேட்டைப் பார்த்தீர்கள். "என் கண்ணே, என் தங்கமே, இந்தச் சாணிக் குழியிலயா உன்னை வெச்சாங்க" என்று அதன்மேல் விழுந்தீர்கள். முழங்கால் அப்போது வலிக்கவில்லை போலிருக்கிறது. சத்தம் கேட்டு உங்கள் மகள் பால் வாளியோடு வெளியே வந்தாள்.

"அம்மா? எப்ப வந்தே? ஏன் கன்னுக்குட்டி மேல விழுந்து அழறே?"

பெரிய போலீஸ்காரர் என்னிடம் கேட்டார், "செத்தது யாரும்மா?"

"மகாராணி பெத்தது" என்றேன்.

"எந்த நாட்டு மகாராணி?" என்று சின்னவர் நோட்டை எடுத்தார். உங்கள் தம்பியைக் கேளுங்கள், அவருக்குத்தான் பூர்வீகம் தெரியும் என்று காட்டிவிட்டேன். அவர் மகாராணியைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மகாராணி திருப்பிக்கொள்ளவில்லை. அவளுக்கு அடையாளம் தெரிந்தது.

நஞ்சு என்றால் என்ன என்று இப்போது சொல்கிறேன். கன்று விழுந்த பிறகு அதைச் சுற்றியிருந்த சவ்வும் சதையும் தனியாக விழும். அதுதான் நஞ்சு. விழாமல் தொங்கினால் மாட்டுக்கு ஆபத்து. கர்ப்பப்பையில் அழுகும், சீழ் வைக்கும், அடுத்த சினை நிற்காது. படிக்காதவளுக்கு இது தெரியும். நீங்களும் ஒரு பெண்ணைப் பெற்றவர்தானே? உங்களுக்குக் குழந்தைக்குப் பின்னால் விழுந்தது என்ன, பூமாலையா?

மாட்டு டாக்டர், மகாராணி வீசின மறுநாள் சாவகாசமாக வந்தார். நாங்கள் அவரை உறைக்காரர் என்போம். தோள்வரைக்கும் ரப்பர் உறை மாட்டாமல் மாட்டின் வாலைக்கூடத் தொட மாட்டார். மாப்பிள்ளை அழைப்புக்குப் போகிறவர் மாதிரி ஒவ்வொரு விரலாக இழுத்துவிட்டுக்கொள்வார். "கையை விட்டு இழுத்துடலையே? தானா விழலைன்னா எனக்குத்தான் சொல்லணும்" என்று குதித்தார். எங்களுக்கென்றே ஒரு ஜோடி உறை முன்பே கொடுத்துவைத்திருக்கிறார். கொட்டகை ஆணியில் தொங்குகிறது. சிலந்தி கூடு கட்டியிருக்கிறது. நான் இந்த வீட்டுக்கு வந்த நாள்முதல் எடுத்த நஞ்சுக்கெல்லாம் என் வெறுங்கைதான். பிள்ளையைக் குளிப்பாட்டுகிறவள் உறை போட்டுக்கொண்டா குளிப்பாட்டுகிறாள்?

நலம் விசாரிக்க மனமில்லை என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு மனம் இருக்கிறது. முழங்கால் எப்படி?

இப்படிக்கு,
உங்கள் மகளைப் புதைக்காத சம்பந்தி.


மார்ச் 16

சம்பந்தியம்மாள் அவர்களுக்கு,

வணக்கம். நலம். நலமறிய ஆவல் என்று எழுதுவது மரபு, ஆகையால் எழுதுகிறேன்.

எனக்குப் பிரசவம் ஆஸ்பத்திரியில் நடந்தது. மயக்க மருந்து கொடுத்தார்கள். கண் விழித்தபோது பக்கத்தில் குழந்தை மட்டும்தான் இருந்தது. வேறென்ன விழுந்தது, அதற்கு என்ன பேர் என்று விசாரிக்கும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை.

நீங்கள் எதை எழுதினாலும் அந்தச் சொல்லை மட்டும் இனி என் வீட்டுக்கு எழுத வேண்டாம். மாடி வீட்டுக்காரி இன்னமும் படியில் இறங்கும்போது, "உங்க பொண்ணு எழுந்து உக்காந்துட்டாளா?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்கிறாள். என் காது படவே அந்தச் சொல்லை யாரும் சொல்லக் கூடாது என்று தம்பியிடமும் சொல்லிவிட்டேன்.

அவனைப் பற்றி: மாட்டின் பூர்வீகம் அவனுக்குத் தெரியாது என்று சத்தியம் செய்கிறான். நீங்கள் சிரிக்கலாம்.

கல்லூரிவரை படித்த பெண்ணை உங்கள் மகனுக்குக் கொடுத்தேன். அவள் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அந்தக் கையை மாட்டின் வயிற்றுக்குள் விட வைத்திருக்கிறீர்கள். உங்களுக்கு அது ஒரு கடிதத்தில் இரண்டு வரி.

இங்ஙனம்,
உங்கள் மருமகளின் தாய்.


ஏப்ரல் 24

சம்பந்தியம்மாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்து நாளாயிற்று. பதில் எழுதும்படி அதில் ஒன்றும் இல்லை, ஆகையால் எழுதவில்லை. அந்தச் சொல்லை எழுதக் கூடாது என்றீர்கள், எழுதவில்லை. ஊரில் பாம்புக்குப் பயப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், எழுத்துக்குப் பயப்படுகிற டைப்பிஸ்ட்டை இப்போதுதான் பார்க்கிறேன்.

இங்கே சுகம்தான். உறைக்காரர் மகாராணியின் ரத்தத்தை எடுத்துப் போயிருந்தார். அதற்குப் பதிலும் வந்தது. அவளைத் தனியாகக் கட்டச் சொன்னார், கட்டியாயிற்று. தொட்டியும் தனி. மாட்டு விஷயம், உங்களுக்கு எதற்கு?

உங்கள் மகளுக்குச் சாயங்காலமானால் காய்ச்சல் வருகிறது. காலையில் வேர்த்துக் கொட்டி விட்டுப்போகிறது. நாலு நாள் நன்றாக இருக்கிறாள், எழுந்து வேலை செய்கிறாள், மறுபடி படுத்துக்கொள்கிறாள். இடுப்பு வலி, மூட்டு வலி என்கிறாள். மூட்டு வலி உங்கள் வம்சத்துச் சொத்து. சாப்பாட்டைக் கண்டால் குமட்டுகிறதாம். இங்கே இருக்கிற நர்ஸம்மா மாத்திரை கொடுத்தார், நின்றது, திரும்ப வந்தது. வந்து வந்து போகிற காய்ச்சலை நான் நம்புவதில்லை. உண்மையான காய்ச்சல் என்றால் வரும், இருக்கும், போகும். இதற்கு மாமியார் கொட்டகைக்குள் நுழையும் நேரம் தெரிந்திருக்கிறது.

ஆனாலும் ஆள் பாதியாகிவிட்டாள். அதையும் சொல்லிவிடுகிறேன். நேற்று வாளியைத் தூக்க முடியாமல் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். உங்களுக்கு மலையாகத் தெரிந்த அதே படிதான்.

வந்து கூட்டிப்போவதானால் போங்கள். போலீஸ் வேண்டாம்.

சம்பந்தி.


மே 13

சம்பந்தியம்மாள் அவர்களுக்கு,

மகளையும் பேத்தியையும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்துவிட்டேன். பேத்திக்கு இங்கே பூட்ஸ் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். முதல் நாள் அதைப் போட்டுக்கொண்டு, "கொட்டாய் எங்கே பாட்டி?" என்று வீடு முழுக்கத் தேடினாள். குழந்தையை எப்படி வளர்த்திருக்கிறீர்கள் என்பதற்கு இது போதும்.

முக்கியமான செய்தி. என் மகள் கர்ப்பமாக இருக்கிறாள், மூன்றாம் மாதம். சாப்பாட்டைக் கண்டால் குமட்டல் என்று எழுதினீர்களே, நாற்பது மாட்டுக்குச் சினை பார்த்த கை, மருமகளுக்குப் பார்க்கத் தெரியவில்லை.

காய்ச்சல் இன்னும் விடவில்லை. எங்கள் டாக்டர் பெரிய படிப்புப் படித்தவர். ஊசி போடுகிறார், இரண்டு நாள் தணிகிறது, மறுபடி ஏறுகிறது. எல்லாப் பரிசோதனையும் எடுத்துவிட்டார், ஒன்றிலும் பிடிபடவில்லை. இப்படியே போனால் குழந்தை தங்குவது கஷ்டம் என்று நேற்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். மகளிடம் நான் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கிறது என்று நினைக்கிறேன். வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டே தூங்குகிறாள்.

என்ன வேலை செய்கிறாள், ஆடு மாடு எதையாவது தொடுவாளா என்று டாக்டர் கேட்டார். "இல்லைங்க, வீட்டுலதான் இருக்கா. புஸ்தகம் படிப்பா, தைப்பா" என்றேன். மகள் என்னைப் பார்த்தாள். பார்க்கட்டும். உங்கள் வீட்டுச் சாணியைப் படித்தவர்கள் மேஜையில் கொட்டி என் மானத்தை இன்னொரு தரம் வாங்கிக்கொள்ள எனக்கென்ன தலையெழுத்து?

உங்கள் சுகத்துக்கு எழுதவும்.

இங்ஙனம்,
உங்கள் மருமகளின் தாய்.


ஜூன் 4

சம்பந்தியம்மாவுக்கு,

சுகம் கேட்க இப்போது நேரமில்லை.

இந்தக் கடிதத்தை என் மகன் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். வாயால் சொல்லியனுப்பியிருக்கலாம். அவன் உங்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, நீங்கள் கொடுக்கிற காப்பியைக் குடித்துவிட்டு, "அம்மா கேட்டதாச் சொன்னாங்க" என்று திரும்பி வந்துவிடுவான். ஆகையால் எழுதுகிறேன்.

கோணக்கொம்பி நேற்று கன்று வீசினாள். எங்கள் கொட்டகையிலேயே பிறந்தவள், மூன்று ஈற்று ஒரு குறையில்லாமல் ஈன்றவள். மகாராணி வந்த புதிதில் அவளும் இவளும் ஒரே தொட்டியில் தண்ணீர் குடித்தார்கள். உறைக்காரர் ஓடிவந்தார். இதற்குக் கன்று வீச்சு நோய் என்று பேராம். கண்ணுக்குத் தெரியாத கிருமியாம். கொழுத்த மாட்டுக்குள் ஒன்றும் தெரியாமல் இருக்குமாம், சினைக்குக் காத்திருக்குமாம். வீசின கன்றிலும் அதோடு விழுந்ததிலும் கோடி கோடியாக இருக்குமாம். காய்ச்சாத பாலிலும் வருமாம். மனுஷருக்கும் ஒட்டுமாம். ஒட்டினால் சாயங்காலக் காய்ச்சல், விடியக்காலை வேர்வை, இடுப்பு வலி, மூட்டு வலி. அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல நான் மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிள்ளைத்தாய்ச்சிக்கு ஒட்டினால் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை. கோணக்கொம்பியின் காலடியில் கிடந்தது, பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்.

அந்தச் சொல்லை எழுதக் கூடாது என்றீர்கள். எழுதுகிறேன். நஞ்சு. நஞ்சு. நஞ்சு. பெரிதாக எழுதியிருக்கிறேன், கண்ணாடி இல்லாமலே படிக்கலாம். இப்போதே டாக்டரிடம் போங்கள். என் மகள் மாட்டுக்கு நஞ்சு எடுத்தாள், வெறுங்கையால் எடுத்தாள், அந்த மாட்டுக்கு இந்த நோய் என்று சொல்லுங்கள். மாடி வீட்டுக்காரி படியில் நின்றால் அவள் காதிலும் போட்டுவிட்டுப் போங்கள். புஸ்தகம் படிக்கிறாளாம், தைக்கிறாளாம்! மானம் பெரிதென்றால் வீட்டிலேயே உட்கார்ந்து அதை மடியில் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருங்கள்.

என் மகன் கையில் பதில் கொடுத்தனுப்ப வேண்டாம். அவன் அங்கேயே இருக்கட்டும்.

சம்பந்தி.


ஜூன் 15

சம்பந்தியம்மாள் அவர்களுக்கு,

நீங்கள் சொன்னபடியே போனேன். மருமகப்பிள்ளையும் கூட வந்தார். வழக்கம்போல் சுவரோடு சுவராக நின்றார். டாக்டர் அறையில் நடந்ததை உங்களுக்கு எழுதியே ஆகவேண்டும்.

"டாக்டர், நான் ஒண்ணை மறைச்சுட்டேன். என் பொண்ணு நஞ்சு எடுத்திருக்கா" என்றேன்.

அவர் பேனாவை வைத்தார். "என்ன சொல்றீங்க? எப்போ?"

"பிப்ரவரியில. அதுக்கு முன்னாடியும் எடுத்திருக்கா. பழக்கந்தான்."

"பழக்கமா?"

"அந்த வீட்டுல எல்லாருக்குமே பழக்கம், டாக்டர். அவ மாமியார் கல்யாணமாகி வந்த நாளா எடுக்கறாங்க."

"மாமியார் உசுரோட இருக்காங்களா?"

"நல்லா இருக்காங்க. அதானே கஷ்டம்."

அவர் எழுந்து கதவருகே போய், போலீசுக்குச் சொல்லுங்கள் என்று யாரையோ கூப்பிட ஆரம்பித்துவிட்டார். எனக்கு எங்கிருந்து வந்ததோ கோபம். "உக்காருங்க ஐயா! மாட்டு நஞ்சு! கன்னுக்கு அப்புறம் விழற நஞ்சு! இவ்வளவு படிச்சிருக்கீங்க, இது தெரியாதா? உங்கம்மாவுக்கு உங்களுக்கு அப்புறம் விழுந்தது என்ன, பூமாலையா?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் யாருடைய வார்த்தை என் வாயில் வந்தது என்று உணர்ந்தேன். மூலையில் நின்ற நர்ஸ் முகத்தை அலமாரிக்குள் விட்டுக்கொண்டு சிரித்தாள். அவள் மாட்டுக்காரர் வீட்டுப் பெண்ணாம். மருமகப்பிள்ளைகூடச் சிரித்தார். அவருக்கு முன்பல் இரண்டும் சற்றுப் பெரியவை என்பதை இத்தனை வருஷத்தில் இப்போதுதான் பார்த்தேன்.

விளையாட்டு அதோடு சரி. ரத்தத்தை வேறு விதமாகப் பரிசோதித்தார்கள். அந்த நோய்தான். வயிற்றுக் குழந்தைக்குத் தீங்கில்லாத மருந்தாகப் பார்த்துத் தொடங்கியிருக்கிறார், நடுவில் விடாமல் வாரக்கணக்கில் சாப்பிட வேண்டுமாம். குழந்தை தங்குமா என்று கேட்டேன். இன்னும் தாமதித்திருந்தால் என்னைக் கேட்கவே வேண்டியிருந்திருக்காது என்றார். பேத்திக்கும் மருமகப்பிள்ளைக்கும் ரத்தம் எடுத்தார்கள், இருவருக்கும் ஒன்றுமில்லை. நீங்களும் அங்கே கொடுங்கள்.

இரண்டு விஷயம் கேட்க வேண்டியிருக்கிறது.

எங்கள் டாக்டர் உங்கள் மாட்டு டாக்டரோடு போனில் பேசினார். மகாராணியின் ரத்தத்துக்குப் பதில் வந்த அன்றே, ஏப்ரலில், "நஞ்சைத் தொட்டது யார்?" என்று அவர் உங்கள் வாசலில் நின்று கேட்டாராம். "யாரும் தொடலை, தானா விழுந்துடுச்சு" என்று பதில் கிடைத்ததாம். அந்தப் பதிலைச் சொன்னது யார்?

உறை ஏன் போடவில்லை என்று மகளைக் கேட்டேன். ஆணியில் தொங்குகிறது என்று நீங்களே எழுதியிருந்தீர்கள். "மறந்துட்டேம்மா" என்கிறாள். சின்ன வயதில் பொய் சொல்லும்போது இடது காதைப் பிடித்துக்கொள்வாள். பிடித்துக்கொண்டுதான் சொன்னாள். அந்த உறை ஏன் ஆணியிலேயே இருந்தது?

இங்ஙனம்,
உங்கள் மருமகளின் தாய்.


ஆகஸ்ட் 29

சம்பந்தியம்மாவுக்கு,

சுகம். உங்கள் முழங்காலும் என் மருமகள் காய்ச்சலும் குறைந்திருப்பதாக மகன் வந்து சொன்னான். மூன்று கேள்வி கேட்டால் ஒரு பதில் வருகிறது அவனிடமிருந்து.

என் ரத்தத்தையும் எடுத்தார்கள். ஒன்றுமில்லை. இத்தனை வருஷமாக வெறுங்கை, என்னைத் தொட அந்தக் கிருமிக்குத் துணிச்சல் இல்லை.

மகாராணி கொட்டகைக்கு வெளியே ஒதுக்கில் நிற்கிறாள். கோணக்கொம்பி அவளுக்குத் துணை. இதற்கு மருந்து கிடையாதாம், விற்கவும் கூடாதாம். ஒரு தரகர் வந்தார். "யாருக்குப் பாட்டி தெரியப்போவுது? கொழுகொழுன்னு இருக்கு, சந்தையில ராணி மாதிரி போகும்" என்றார். எங்கேயோ கேட்ட வசனமாக இருந்தது. உங்கள் தம்பி வேலையை என்னைச் செய்யச் சொல்கிறாயா என்று சாணிக்கூடையோடு துரத்தினேன். இதை அவரிடம் அப்படியே படித்துக் காட்டுங்கள். கிடேரிக் கன்றுகளுக்கு உறைக்காரர் தடுப்பூசி போட்டார். முன்பு ஒரு தரம் ஊசியோடு வந்தபோது வாசலோடு அனுப்பிவிட்டேன் என்று இப்போதும் சொல்லிக்காட்டுகிறார். அவருக்கும் மறதி இல்லை போலிருக்கிறது.

இரண்டு விஷயம் கேட்டிருந்தீர்கள். அதற்குப் பதில் எழுத இந்தத் தாளில் இடமில்லை.

சம்பந்தி.


நவம்பர் 20

சம்பந்தியம்மாவுக்கு,

இன்று விடியற்காலையில் உங்களுக்குப் பேரன் பிறந்தான். நிறை மாதம், நல்ல எடை. பிறந்ததும் நர்ஸின் கையை உதைத்தானாம். ரத்தத்தைப் பார்த்துவிட்டார்கள், அவனிடம் அந்த நோய் இல்லை. தாய் நலம். எனக்குத்தான் இன்னும் கை நடுக்கம் நிற்கவில்லை, எழுத்தைப் பார்த்தாலே தெரியும்.

இந்தத் தடவை நான் உள்ளேயே இருந்தேன். குழந்தை வந்த பிறகு எல்லோரும் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும், "நஞ்சு விழுந்துச்சா? முழுசா விழுந்துச்சா? நல்லாப் பாத்தீங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். டாக்டர் ஒரு தட்டில் வைத்துக் காட்டினார். "பூமாலை இல்லைம்மா, நஞ்சுதான். முழுசா இருக்கு" என்றார். அவர் உறை போட்டிருந்தார்.

ஆகஸ்டில் நீங்கள் எழுதின தாள் என்னிடம் இருக்கிறது. இடமில்லை என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் கையெழுத்துக்குக் கீழே பாதித் தாள் வெள்ளையாகக் கிடந்தது. அதைப் பலமுறை படித்துவிட்டேன். இனிமேல் கேட்க மாட்டேன். "புஸ்தகம் படிப்பா, தைப்பா" என்று சொன்ன வாய் எனக்கும் இருக்கிறது.

தம்பி உண்மையைச் சொல்லிவிட்டான். மகாராணி முன்பு இருந்த இடத்தில் இரண்டு தரம் வீசினாளாம். நீங்கள் சிரிக்கலாம்.

எப்போது வருகிறீர்கள்?

உங்கள் சம்பந்தி.


நவம்பர் 25

சம்பந்தியம்மாவுக்கு,

சிரித்தேன். ஆனால் எதிர்பார்த்த அளவு வரவில்லை.

உங்கள் கையெழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கிறது. என் கையெழுத்தைவிட மோசம். பத்திரமாக வைத்திருக்கிறேன்.

வருகிற வாரம் புறப்படுகிறேன். மாடுகளை மகன் பார்த்துக்கொள்வான், அவை அவனிடம் பதில் எதிர்பார்ப்பதில்லை. கைக்குட்டை ஒன்று வாங்கியிருக்கிறேன். நீலக்கரை தேடினேன், கிடைக்கவில்லை, பச்சைக்கரைதான். உங்கள் வீட்டில் பினாயில் நாற்றம் தெருமுனை வரைக்கும் வரும் என்று மகன் சொன்னான். உங்கள் வாசலில் கைப்பையைத் திறந்து, கைக்குட்டையை எடுத்து, மூக்கில் வைத்துக்கொண்டுதான் நுழைவேன். மாடி வீட்டுக்காரியைப் படியில் நிற்கச் சொல்லுங்கள், சாட்சி வேண்டும். ஆனால் உங்களை மாதிரி புறப்படும்வரை வைத்திருக்க மாட்டேன். உள்ளே நுழைந்ததும் எடுத்துவிடுவேன்.

உறை ஒரு பெட்டி வாங்கி ஆணிக்குப் பக்கத்தில் பலகை அடித்து வைத்திருக்கிறேன். உறைக்காரர் பார்த்துவிட்டு ஏதோ சொல்ல வந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு மாட்டிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பேரனைத் தூக்குவதற்கு முன்னால் சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவிக்கொள்வேன். நீங்கள் சொல்ல வேண்டாம். உங்கள் மகளும் சொல்ல வேண்டாம். அவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தால் போதும். அன்றைக்குக் கொட்டகையில் அவள் ஒரு தரம் ஆணியைப் பார்த்தாள், ஒரு தரம் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு வளையலைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுக் குனிந்தாள். எனக்கு மறதி கிடையாது, அது ஒரு வியாதி என்று முன்பே எழுதியிருக்கிறேன்.

இதை எழுத இந்தத் தாளில் இடம் இருந்தது.

சம்பந்தி.